போர்க் கணக்கில் விடுபடும் பெண்களும் குழந்தைகளும்

ஒரு போர் ஓய்ந்ததும் முதலில் வெளியாகும் எண்ணிக்கை களத்தில் மாண்டவர்களுடையது. படையினர் எத்தனை பேர், கிளர்ச்சியாளர்கள் எத்தனை பேர், குண்டுவீச்சில் இறந்த பொதுமக்கள் எத்தனை பேர் என்று அந்தப் பட்டியல் நீளும். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் போர் பெரும்பாலும் ஆண்களையே கொல்கிறது என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கும். நேரடிச் சாவுகளைப் பொறுத்தவரை அது சரியும்கூட. ஆனால் 2006-இல் தாமஸ் ப்ளூம்பர், எரிக் நொய்மாயர் என்ற இரண்டு அரசியல் அறிவியலாளர்கள் கேள்வியை வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். போரில் யார் இறந்தார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, போர் நடந்த நாடுகளில் ஆண், பெண் இருபாலரின் சராசரி ஆயுட்காலம் எப்படி மாறியது என்று ஆராய்ந்தார்கள். அமைதிக் காலத்தில் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் பெண்களே ஆண்களைவிடக் கூடுதல் ஆண்டுகள் வாழ்கிறார்கள். போர் நடந்த நாடுகளில் அந்த இடைவெளி சுருங்கியிருந்தது. மோதல் நீடித்த காலம் முழுவதையும் கணக்கில் எடுத்தபோது, போர் சராசரியாக ஆண்களின் ஆயுளைவிடப் பெண்களின் ஆயுளையே அதிகமாகக் குறைத்திருந்தது.

துப்பாக்கி ஏந்தாதவர்கள் எப்படி அதிகம் இழந்தார்கள் என்பதற்கான விடை, போர்க்களத்துக்கு வெளியேதான் இருக்கிறது. போர் தோட்டாவால் கொல்வதைவிட, மனிதர்களை உயிரோடு வைத்திருக்கும் ஏற்பாடுகளைக் குலைத்துக் கொல்வதே அதிகம். சுத்தமான குடிநீர், தடுப்பூசி, பேறுகால மருத்துவம், சந்தைக்குப் போகும் வழி, பள்ளிக்கூடம், பத்திரப் பதிவு அலுவலகம் ஆகிய இவையெல்லாம் உடையும்போது, அவற்றை அதிகம் நம்பியிருப்பவர்களே முதலில் விழுகிறார்கள். பெண்களையும் குழந்தைகளையும் போர் எவ்வாறு பாதிக்கிறது என்று பேசும்போது நாம் பெரும்பாலும் கொடூரமான சில காட்சிகளோடு நின்றுவிடுகிறோம். அந்தக் காட்சிகள் பொய்யல்ல. ஆனால் பாதிப்பின் பெரும்பகுதி அவற்றுக்கு அப்பால், ஓசையில்லாத இடங்களில், போர்நிறுத்தம் கையெழுத்தான பிறகும் பல ஆண்டுகள் தொடர்கிறது. நமது கணக்குகளும் சட்டங்களும் நிவாரணத் திட்டங்களும் ஆயுதம் ஏந்தியவனை நடுவில் வைத்தே உருவானவை என்பதால் அந்தப் பெரும்பகுதி அவற்றின் கண்ணில் படுவதில்லை.

ஆப்பிரிக்க நாடுகளின் 1995 முதல் 2015 வரையிலான தரவுகளைக் கொண்டு 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு இதை எண்களில் காட்டியது. மோதல் நடந்த இடத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் பிறந்த குழந்தைகள் முதல் ஆண்டைத் தாண்டாமல் இறக்கும் ஆபத்து தெளிவாகக் கூடியிருந்தது. மோதலின் விளைவாக இறந்த, ஒரு வயது நிறையாத குழந்தைகள் மட்டும் முப்பது லட்சத்துக்கும் மேல் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதே மோதல்களில் நேரடியாகக் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கையைப் போல் இது மூன்று மடங்குக்கும் அதிகம். சண்டை நின்ற பிறகும் சில ஆண்டுகளுக்கு இந்தக் கூடுதல் ஆபத்து மறையவில்லை என்பதையும் அந்த ஆய்வு பதிவுசெய்தது.

சண்டை நடக்கும் ஊரிலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவில் இருக்கும் ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு குண்டும் விழவில்லை. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவச்சி தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டார். டீசல் வராததால் ஜெனரேட்டர் ஓடவில்லை; தடுப்பூசிகளைக் குளிரில் வைக்கும் பெட்டி சூடாகி மருந்துகள் வீணாகிவிட்டன. இரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுக்கிறது. மாவட்ட மருத்துவமனைக்குப் போகும் சாலையில் இரண்டு சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. ஊரடங்கு நேரத்தில் வாகனம் ஓட்ட யாரும் முன்வருவதில்லை. பிள்ளை பிறந்த பின் ஏற்படும் கடுமையான இரத்தப்போக்கு உரிய சிகிச்சை கிடைக்காவிட்டால் சில மணி நேரத்திலேயே உயிரைப் பறித்துவிடும். அந்தப் பெண் இறந்தால், எந்தப் போர்ப் பட்டியலிலும் அவர் பெயர் இருக்காது. பேறுகால மரணம் என்று மட்டும், அதுவும் யாரேனும் எழுதினால், எழுதப்படும். உலக சுகாதார நிறுவனமும் பிற ஐ.நா. அமைப்புகளும் 2025-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2023-இல் உலகெங்கும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கருவுற்ற காலத்திலோ பிரசவத்தின்போதோ அதையொட்டியோ இறந்தார்கள். அந்த மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, போராலோ அரசு நிலைகுலைந்ததாலோ அவதிப்படும் நாடுகளில் நிகழ்ந்தவை. இவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை என்பதுதான் மனத்தை அறுக்கிறது.

பசியும் இப்படித்தான் வேலை செய்கிறது. சில போர்களில் அதுவே ஆயுதமாகவும் ஆகிறது. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகள் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்லும் வழிகளை அடைத்தபோது, பெரியவர் ஒருவருக்குக் கிடைத்த பங்கீட்டு உணவு நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. அந்த மாதங்களில் கருவில் இருந்த பிள்ளைகளை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். நடுவயதை எட்டியபோது அவர்களிடையே நீரிழிவு, இதய நோய் போன்றவை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டன. பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்ட ஒரு முற்றுகை, ஐம்பது வயதில் உடலில் வெளிப்பட்டது. பட்டினியை ஆயுதமாக்குவதைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்புச் சபை 2018-இல் 2417-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில், சூடானின் வடக்கு டார்ஃபூரில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஜம்ஜம் முகாமில் பஞ்சம் நிலவுவது உறுதிசெய்யப்பட்டது. கருவுற்றது முதல் இரண்டாவது பிறந்தநாள் வரையிலான ஆயிரம் நாட்களில் ஊட்டம் குறைந்தால் மூளையிலும் உடலிலும் ஏற்படும் குறையைப் பின்னால் முழுமையாக ஈடுசெய்ய முடியாது. முகாமுக்கு உணவு லாரி ஓராண்டு தாமதமாக வருகிறது என்பதை அங்கே வளரும் ஒரு குழந்தையின் ஆயிரம் நாட்களோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நோய்த்தடுப்பைப் பொறுத்தவரை, போருக்கு நடுவிலும் செய்ய முடிந்தது என்ன என்பதற்குச் சான்று இருக்கிறது. 1985-இல் எல் சால்வடோர் உள்நாட்டுப் போரின்போது அரசும் கிளர்ச்சியாளர்களும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காகக் குறிப்பிட்ட நாட்களில் சண்டையை நிறுத்த உடன்பட்டார்கள். யூனிசெஃப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இடையில் நின்று பேசின. அந்த ஏற்பாடு போர் முடியும்வரை ஆண்டுதோறும் தொடர்ந்தது. காஸாவில் 25 ஆண்டுகளாக இல்லாதிருந்த போலியோ 2024 ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்றின் காலை முடக்கியபோது, அடுத்த மாதமே பகுதி பகுதியாகச் சண்டையை இடைநிறுத்திச் சொட்டு மருந்து கொடுக்க முடிந்தது. ஆகவே, போரிடும் தரப்புகள் "களச் சூழல் இடம் தரவில்லை" என்று சொல்லும்போது அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இடம் தரச் செய்ய முடியும் என்று அவர்களைப் போன்றவர்களே காட்டியிருக்கிறார்கள்.

வெடிபொருள் குழந்தையின் உடலில் செய்வது, பெரியவர் உடலில் செய்வதிலிருந்து வேறுபட்டது. சிறு உடலில் தலையின் பங்கு பெரிது, தோல் மெல்லியது, இழக்கக்கூடிய இரத்தத்தின் அளவு மிகக் குறைவு. உயிர் பிழைத்த பின் தொடங்குவது இன்னொரு நீண்ட கதை. கண்ணிவெடியில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஏழு வயதுச் சிறுமிக்கு எலும்பு இன்னும் வளரும். வெட்டப்பட்ட இடத்தில் எலும்பு தசையையும் தோலையும் விட வேகமாக வளர்ந்து, முனை கூராகி, தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரக்கூடும். அப்போது மறுபடி அறுவைச் சிகிச்சை செய்து அதைக் குறைக்க வேண்டும். செயற்கைக் காலின் கிண்ணம் சில மாதங்களிலேயே இறுகிப் புண்ணாக்கும். வளர்ச்சி நிற்கும்வரை ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறையாவது அதை மாற்றியாக வேண்டும். அதற்கான பட்டறை எங்கோ தலைநகரில் இருக்கும். தாய் வேலையை விட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு போய்வர வேண்டும். வெடித்தது ஒரு நொடி. சிகிச்சைக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். 1997-இல் கையெழுத்தான ஒட்டாவா உடன்படிக்கை ஆளெதிர்க் கண்ணிவெடிகளைத் தடைசெய்ததோடு, அவற்றால் பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதையும் நாடுகளின் கடமையாக்கியது. கண்ணிவெடி அகற்றுவதற்குக் கிடைக்கும் நிதியோடு ஒப்பிட்டால், இந்த இரண்டாவது கடமைக்குக் கிடைப்பது எப்போதும் சிறு பங்குதான்.

பாலியல் வன்முறை போரின் தவிர்க்க முடியாத உபவிளைவு என்ற எண்ணம் மிக நீண்ட காலம் நிலவியது. நான்ஜிங் 1937, பெர்லின் 1945, வங்கதேசம் 1971 என்று இருபதாம் நூற்றாண்டின் வரலாறு நெடுகிலும் அது நிகழ்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய இராணுவம் கொரியாவிலிருந்தும் ஆசியாவின் பிற பகுதிகளிலிருந்தும் பெண்களைக் கொண்டுபோய்ப் படையினருக்கான அடிமைகளாக அடைத்துவைத்தது. 1949-ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை பெண்களை வன்புணர்விலிருந்து காக்க வேண்டும் என்று சொன்னது. இருந்தும், அதைத் தனிக் குற்றமாக எடுத்து விசாரித்துத் தண்டிக்கும் நிலை வர மேலும் அரை நூற்றாண்டு ஆனது.

அந்த மாற்றம், 1994 இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. அமைத்த ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தில் நிகழ்ந்த விதத்தை விவரமாகச் சொல்லத் தோன்றுகிறது. டாபா என்ற ஊரின் மேயராக இருந்த ஜான் பால் அகயேசு மீது முதலில் தாக்கலான குற்றப்பத்திரிகையில் பாலியல் குற்றச்சாட்டு எதுவுமே இல்லை. 1997-இல் விசாரணை தொடங்கிய பிறகு, சாட்சி சொல்ல வந்த ஒரு பெண் தன் ஆறு வயது மகள் வன்புணர்வுக்கு ஆளானதைத் தானாகச் சொன்னார். நீதிபதிகள் அதை அப்படியே விட்டுவிடாமல் மேலும் கேள்வி கேட்டார்கள். அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழ் வம்சாவளியில் பிறந்தவர், பின்னாளில் ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையரானவர். வேறு சாட்சிகளும் அதே போன்ற கொடுமைகளைச் சொல்லவே, விசாரணை நிறுத்தப்பட்டு, அரசுத் தரப்பு குற்றப்பத்திரிகையைத் திருத்தியது. 1998 செப்டம்பர் 2-ஆம் நாள் வந்த தீர்ப்பு, ஓர் இனக்குழுவை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் வன்புணர்வு இனப்படுகொலைக் குற்றமாகும் என்று முதன்முதலில் அறிவித்தது. கேட்கப்படாத கேள்வியை ஒருவர் கேட்டதால் சட்டம் நகர்ந்தது. எத்தனை விசாரணைகளில் அது கேட்கப்படவே இல்லை என்று யோசிக்காமல் இந்த வரலாற்றைப் படிக்க முடியவில்லை. 2001-இல் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம், போஸ்னியாவின் ஃபோச்சா நகரில் பெண்களையும் சிறுமிகளையும் அடைத்துவைத்துச் சீரழித்த மூவரை மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்காகத் தண்டித்தது. 2008-இல் பாதுகாப்புச் சபையின் 1820-ஆம் தீர்மானம், பாலியல் வன்முறை போர்த் தந்திரமாகப் பயன்படுத்தப்படுவதைச் சர்வதேச அமைதிக்கு எதிரான விவகாரமாகவே ஏற்றது.

நீதிமன்றத்தின் காலம் ஆண்டுகளில் நகர்கிறது. மருத்துவத்தின் காலமோ மணிக்கணக்கில். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கு ஐந்து நாட்கள்தாம் எல்லை. தாக்கப்பட்ட பெண் காட்டில் ஒளிந்து, ஊர் திரும்பி, யாரிடம் சொல்லலாம் என்று தயங்கி, மருத்துவமனைக்கு வழி தேடுவதற்குள் அந்த மணி நேரங்கள் கடந்துவிடுகின்றன. காங்கோ ஜனநாயகக் குடியரசின் புக்காவு நகரில் 1999-இல் தொடங்கப்பட்ட பான்சி மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவர் டெனிஸ் முக்வேகேயும் அவருடைய குழுவினரும் பல்லாயிரக்கணக்கான பெண்களுக்கு உடற்காயங்களைச் சீர்செய்யும் அறுவைச் சிகிச்சை அளித்திருக்கிறார்கள். சிகிச்சையோடு மனநல உதவி, சட்ட உதவி, பிழைப்புக்கான பயிற்சி என்ற நான்கையும் ஒரே இடத்தில் தருவது அங்கே உருவான முறை. அவருக்கும், இஸ்லாமிய அரசு அமைப்பிடமிருந்து தப்பிவந்த, ஈராக்கின் சிறுபான்மைச் சமயத்தவரான யசீதிகளில் ஒருவரான நாதியா முராதுக்கும் 2018-இல் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆண்களும் சிறுவர்களும் சிறைகளிலும் சோதனைச் சாவடிகளிலும் இதே வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கான கதவுகள் இன்னும் குறைவு.

சிறாரைப் படையில் சேர்ப்பது பற்றிய சட்டம் இப்போது தெளிவாகவே இருக்கிறது. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 2000-ஆம் ஆண்டு விருப்ப நெறிமுறை, 18 வயது நிரம்பாதவரைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கவும் நேரடிச் சண்டையில் ஈடுபடுத்தவும் தடைவிதிக்கிறது. 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சேர்ப்பது, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனத்தின்படி போர்க் குற்றம். அந்த நீதிமன்றம் 2012-இல் அளித்த முதல் தீர்ப்பே இந்தக் குற்றத்துக்காகக் காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்கா மீது வந்ததுதான். ஆனால் டொமினிக் ஒங்வென் வழக்கு இந்தத் தெளிவை உலுக்கியது. உகாண்டாவில் பள்ளிக்குப் போகும் வழியில் ஏறத்தாழ ஒன்பது வயதில் கடத்தப்பட்டு, அடித்து வளர்க்கப்பட்டு, அதே கிளர்ச்சிப் படையின் தளபதியாகி, பிற பிள்ளைகளைக் கடத்தியவர் அவர். 2021-இல் நீதிமன்றம் அவரை 61 குற்றங்களுக்குப் பொறுப்பாளியாகக் கண்டு 25 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. வலுக்கட்டாயத் திருமணமும் வலுக்கட்டாயக் கர்ப்பமும் அந்தக் குற்றங்களில் அடங்கும். சிறுவயதில் அவர் பட்டதைத் தண்டனையின் அளவைக் குறைக்க மட்டும் கருத்தில் கொண்டார்கள். இதைவிடச் சரியான தீர்ப்பு எனக்குத் தோன்றவில்லை. அந்த ஒன்பது வயதுப் பிள்ளையைக் காக்கத் தவறியவர்கள் யாரும் கூண்டில் நிற்கவில்லை என்பதும் மறுக்க முடியாதது.

ஆயுதக் குழுக்களில் இருந்த சிறுமிகளின் நிலை இன்னும் மோசம். சியரா லியோனில் போர் முடிவுக்கு வந்த காலத்தில் நடந்த ஆயுதக் களைவுத் திட்டத்தில், முகாமுக்கு வருகிறவர் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். அதைக் கழற்றி மாட்டத் தெரியும் என்று பல இடங்களில் செய்துகாட்டவும் வேண்டியிருந்தது. தலையில் அரிசி மூட்டை சுமந்து காடு கடந்தவள், சமைத்துப் போட்டவள், தளபதி ஒருவனுக்கு "மனைவி"யாக ஒதுக்கப்பட்டுப் பதினைந்து வயதில் பிள்ளை பெற்றவள் எதை ஒப்படைப்பாள்? துப்பாக்கி வைத்திருந்த சிறுமிகளிடமிருந்தும் தளபதிகள் அதைப் பிடுங்கி வேறு ஆட்களிடம் கொடுத்த கதைகள் உண்டு. திட்டத்தில் பதிவான சிறாரில் சிறுமிகள் ஏறத்தாழ எட்டு விழுக்காடு மட்டுமே. போரிட்ட குழுக்களில் அவர்கள் பங்கு அதைப் போல் பன்மடங்கு. பயிற்சியும் உதவித்தொகையும் பள்ளிச் சேர்க்கையும் துப்பாக்கி வைத்திருந்தவனுக்குப் போயின. அவள் கைக்குழந்தையோடு, பேச்சுக்கு அஞ்சி, சொந்த ஊருக்குப் போகாமல் நகரத்தின் ஓரத்தில் ஒதுங்கினாள்.

சியரா லியோனின் அதே தலைமுறையை 2002 முதல் பின்தொடர்ந்த தெரசா பெட்டன்கோர்ட்டின் ஆய்வு, நம்பிக்கை தரும் ஒன்றையும் கண்டது. போரில் எவ்வளவு கொடுமைக்கு ஆளானார்கள் என்பது மட்டுமே அவர்களுடைய பிற்கால மனநிலையைத் தீர்மானிக்கவில்லை. ஊர் அவர்களை ஏற்றுக்கொண்டதா ஒதுக்கியதா என்பதும் பெரிதாகத் தீர்மானித்தது. இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனில் குழந்தைகள் காப்பகங்களை நடத்திய அன்னா ஃபிராய்டும் டாரதி பர்லிங்ஹாமும் இதற்கு நெருக்கமான ஒன்றைக் கவனித்திருந்தார்கள். பெற்றோருடன் குண்டுவீச்சைக் கடந்துவந்த சிறு பிள்ளைகளைவிட, பாதுகாப்புக்காகப் பெற்றோரைப் பிரித்து அனுப்பப்பட்ட பிள்ளைகளே பல வேளைகளில் அதிகம் கலங்கியிருந்தார்கள். தாய் நிலைகொண்டிருந்தால் பிள்ளையும் ஓரளவு நிலைகொள்ளும். இதிலிருந்து நடைமுறைக்கு வருவது எளிமையானது: குழந்தையின் மனநலத் திட்டத்தைத் தாயை விட்டுவிட்டுத் தீட்ட முடியாது. முகாமில் வரிசையில் நிற்கும், தூங்காத, கணவனைத் தேடும் அந்தப் பெண்ணுக்குச் செய்யும் உதவியே பிள்ளைக்குச் செய்யும் முதல் மருத்துவம்.

படிப்பு போவதன் விலை உடனே தெரிவதில்லை. அந்திரயா இக்கினோ, ருடால்ஃப் விண்டர்-எப்மர் என்ற பொருளாதார அறிஞர்கள், இரண்டாம் உலகப் போரின்போது பத்து வயதை எட்டிய ஜெர்மானிய, ஆஸ்திரியப் பிள்ளைகளைப் போரில் சேராத சுவிட்சர்லாந்து, சுவீடன் நாட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். முன்னவர்கள் குறைவாகப் படித்திருந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் காரணமாகக் குறைவாகவே சம்பாதித்தார்கள். பள்ளிகளைப் படைமுகாமாக்குவதைத் தவிர்க்கவும் தாக்காமல் காக்கவும் 2015-இல் ஓஸ்லோவில் தொடங்கிய பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனத்தில் இன்று 120-க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்திருக்கின்றன. மொசாம்பிக்கின் முன்னாள் கல்வி அமைச்சர் கிராசா மாஷேல் 1996-இல் ஐ.நா. பொதுச் சபைக்கு அளித்த அறிக்கையிலிருந்தே குழந்தைகளும் போரும் பற்றிய இன்றைய கண்காணிப்பு முறை வளர்ந்தது. கொலையும் உறுப்பிழப்பும், படையில் சேர்த்தல், பாலியல் வன்முறை, கடத்தல், பள்ளி–மருத்துவமனைத் தாக்குதல், மனிதாபிமான உதவியை மறித்தல் என்ற ஆறு கொடுமீறல்களை அது பதிவுசெய்கிறது. 2024-ஆம் ஆண்டில் அவ்வாறு சரிபார்க்கப்பட்டவை 41,370. அந்தக் கண்காணிப்பு தொடங்கியதிலிருந்து அதுவரை இதுவே மிக அதிகம். சரிபார்க்கப்பட்டவை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சாட்சியும் ஆதாரமும் கிடைத்து உறுதியானவை மட்டுமே அதில் இருக்கின்றன.

போர் வீட்டுக்குள் வரும் வழிகளில் ஒன்று திருமணம். ஜோர்டானில் பதிவான சிரிய அகதிகளின் திருமணங்களில் மணப்பெண் 15 முதல் 17 வயதுக்குட்பட்டவளாக இருந்தவை 2011-இல் ஏறத்தாழ 12 விழுக்காடு. 2014-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இதைப் பெற்றோரின் கல்நெஞ்சம் என்று பார்ப்பது பிழை. வாடகைக்கு வழியில்லை, முகாமில் இரவில் மகளுக்குப் பாதுகாப்பில்லை, பள்ளியும் இல்லை என்ற நிலையில் திருமணத்தை ஒரு காவலாக அவர்கள் எண்ணினார்கள். வாடகை உதவியும் பள்ளியில் இடமும் வெளிச்சமுள்ள கழிப்பறையும் சிறுவர் திருமணத்தைத் தடுக்கும் கருவிகள் என்பது பல நிவாரணத் திட்டங்களுக்கு இன்னும் புரியவில்லை.

கணவனை இழந்த பெண்ணுக்குச் சட்டம் ஓரளவு இடம் வைத்திருக்கிறது. கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணுக்கு அதுவும் இல்லை. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் காணியை மாற்ற முடியாது, அவர் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது, ஓய்வூதியம் கேட்க முடியாது. சான்றிதழ் வாங்கினாலோ அவர் செத்துவிட்டார் என்று தானே ஒப்புக்கொண்டதாக ஆகும், தேடலும் முடிந்துபோகும். காஷ்மீரில் இப்படிப்பட்ட பெண்களை "அரை விதவைகள்" என்றே அழைக்கிறார்கள். இலங்கையில் 2009-இல் போர் முடிந்த பின் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் பெண் தலைமைக் குடும்பங்களாயின. இறந்தார் என்று பதியாமல், காணவில்லை என்பதற்கு மட்டும் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு அங்கே 2016-இல்தான் சட்டமானது. பணம் சார்ந்த சிக்கலை அது கொஞ்சம் தளர்த்தியது. ஆனால் 2017 தொடக்கத்தில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரப் பந்தலில் உட்காரத் தொடங்கிய தாய்மார் சான்றிதழ் கேட்டு வரவில்லை. பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற பதிலையே கேட்டார்கள். அவர்களில் பலர் அந்தப் பதில் கிடைக்காமலே காலமாகிவிட்டார்கள்.

பெண்கள் போரில் பாதிக்கப்படுகிறவர்கள் மட்டுமல்ல. எரித்திரிய விடுதலைப் படையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். ஈழப் போரிலும் பெண்கள் களத்தில் நின்றார்கள். போர் முடிந்ததும் இரு நாட்டிலும் அவர்களில் பலருக்குக் கிடைத்தது ஐயப்பார்வையும் திருமண மறுப்பும் வேலையின்மையுமே. ஆண்கள் இல்லாத ஆண்டுகளில் உழுது, வியாபாரம் செய்து, அதிகாரிகளிடம் வாதாடிக் குடும்பத்தைக் காத்த பெண்களிடமிருந்து அமைதி வந்ததும் அந்த இடம் திரும்பப் பெறப்படுவதும் பல நாடுகளில் நடந்திருக்கிறது. சட்டம் மாறிய இடங்களில் கொஞ்சம் நிலைத்தது: ருவாண்டா 1999-இல் மகள்களுக்கும் சம வாரிசுரிமை அளித்தது. 2003-இல் கானாவின் அக்ரா நகரில் லைபீரிய உள்நாட்டுப் போரை முடிப்பதற்கான பேச்சுவார்த்தை வாரக்கணக்கில் இழுபட்டபோது, அந்நாட்டு அமைதிச் செயற்பாட்டாளர் லேமா போவியின் தலைமையில் வந்த பெண்கள் மண்டபத்தின் வாசலை மறித்து அமர்ந்து, உடன்பாடு காணாமல் யாரும் வெளியே போக முடியாது என்றார்கள். சில வாரங்களில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மண்டபத்துக்கு வெளியே உட்கார்ந்துதான் அதைச் செய்ய வேண்டியிருந்தது. பெண்களின் பங்கேற்பை வலியுறுத்தும் பாதுகாப்புச் சபையின் 1325-ஆம் தீர்மானம் 2000-லேயே நிறைவேறியிருந்தும், 1992 முதல் 2019 வரை நடந்த முக்கிய அமைதிப் பேச்சுகளில் பேச்சுவார்த்தை நடத்தியவர்களில் 13 விழுக்காட்டினரும் கையெழுத்திட்டோரில் 6 விழுக்காட்டினரும் மட்டுமே பெண்கள். ஆயுதங்களை எங்கே ஒப்படைப்பது என்பது எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிறது. கைம்பெண்ணின் காணி உரிமை பெரும்பாலும் இல்லை.

ஈடு கொடுப்பதிலும் யாரைப் பாதிக்கப்பட்டவராக எண்ணுவது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. போர்க்கால வன்புணர்வில் பிறந்த பிள்ளைகளிடம் அது மிகக் கூர்மையாக நிற்கிறது. ஈராக் 2021-இல், இஸ்லாமிய அரசு அமைப்பிடம் சிக்கி மீண்ட யசீதிப் பெண்களுக்கான சட்டத்தை இயற்றி ஓய்வூதியமும் நிலமும் தர முன்வந்தது. அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளைப் பற்றி அந்தச் சட்டம் பேசவில்லை. ஊர் திரும்ப வேண்டுமானால் பிள்ளையை விட்டுவிட வேண்டும் என்ற நிலைக்குத் தாய்மார் சிலர் தள்ளப்பட்டார்கள். கொலம்பியாவின் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய பிள்ளைகளையும் பாதிக்கப்பட்டவர்களாகவே ஏற்றது. ஒங்வென் வழக்கில் 2024-இல் வந்த இழப்பீட்டு ஆணையும் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. போஸ்னியாவில் போர் 1995-இல் முடிந்தது. அந்நாட்டின் இரு பெரும் பகுதிகளில் ஒன்றான கூட்டமைப்பில், இப்படிப் பிறந்த பிள்ளைகளைப் போரால் பாதிக்கப்பட்ட குடிமக்களாக ஏற்கும் சட்டம் 2023-இல்தான் நிறைவேறியது. அதற்குள் அவர்கள் முப்பதை நெருங்கியிருந்தார்கள். அந்த வெற்றிக்காகப் போராடியவர்களும் அவர்களேதான். அரசுப் படிவங்களில் தந்தையின் பெயரைக் கட்டாயமாகக் கேட்காமல், பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று மாற்ற வேண்டும் என்பது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று.